நோராவின் விழிப்பு

பெருமரத்தின் அடியில் முளைத்த செடியை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடுவெயில் அதன்மேல் படுவதில்லை. புயற்காற்றும் அதனை அலைப்பதில்லை. காண்போர் அச்செடியை நற்பேறு பெற்றது என்றே எண்ணுவர். ஆயினும், ஆண்டுகள் பல சென்ற பின்னும் அது மரமாவதில்லை. எந்த நிழல் அதனைக் காக்கின்றதோ, அந்த நிழலே அதன் வளர்ச்சியையும் தடுத்துவிடுகின்றது. மக்கள் வாழ்விலும் இத்தகைய நிலை உண்டு. அன்பு என்னும் பெயரால் ஒருவரை என்றும் நிழலிலேயே வைத்திருத்தல் நன்மையாகுமா? இவ்வினாவை எழுப்பி உலகத்தைச் சிந்திக்க வைத்த நாடகம் ஒன்று உண்டு. நார்வே நாட்டு நாடகாசிரியராகிய ஹென்ரிக் இப்சன் இயற்றிய 'பொம்மை வீடு' என்பதே அந்நாடகம்.

இப்சன் 1828ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், நார்வே நாட்டில் ஸ்கீன் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் ஒரு வணிகர். வளமாக வாழ்ந்த அக்குடும்பம், இப்சன் சிறுவராக இருந்தபோதே பொருளிழந்து நொடித்தது. பதினைந்து வயதில் அவர் வீட்டை விட்டுப் பிரிந்து, கிரிம்ஸ்டாட் என்னும் சிற்றூரில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பழகச் சென்றார். கடன் ஒரு குடும்பத்தை எவ்வாறு ஆட்டிவைக்கும் என்பதையும், பொருள் போயின் ஊரார் மதிப்பும் உடன் போகும் என்பதையும் அறியும் வாய்ப்பு அவருக்கு இளமையிலேயே கிட்டியது. பிற்காலத்தில் அவர் எழுதிய நாடகங்களில் கடனும், மானமும், மறைத்து வைத்த உண்மையும் மீண்டும் மீண்டும் இடம் பெறுகின்றன.

1864ஆம் ஆண்டில் அவர் தாயகத்தை நீங்கினார். பின்னர் இத்தாலியிலும் ஜெர்மனியிலுமாக ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். இத்தாலியில் இருந்த காலத்தில், 1879ஆம் ஆண்டில், 'பொம்மை வீடு' எழுதி முடிக்கப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள் அது நூலாக வெளிவந்தது. டிசம்பர் 21ஆம் நாள், டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில், அரச நாடக அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. அரசரும் வீரரும் தோன்றும் பழைய நாடகங்களைப் போன்றதன்று இது. நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கூடமே இதன் களம். மூன்று அங்கங்களும் அந்த ஒரே அறையில், மூன்று நாள்களுக்குள் நிகழ்ந்து முடிகின்றன.

கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள். நோரா கடைத்தெருவிலிருந்து கை நிறையப் பொட்டலங்களுடன் வீடு திரும்புகிறாள். கிறிஸ்துமஸ் மரத்தைச் சுமந்து வந்தவனுக்கு, அவன் கேட்ட கூலியைப் போல் இருமடங்கு கொடுத்து அனுப்புகிறாள். மறைத்து வைத்திருந்த இனிப்புப் பண்டத்தை எடுத்து இரண்டொன்று தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொள்கிறாள். பல் கெட்டுவிடும் என்று அப்பண்டத்தைக் கணவன் விலக்கியிருக்கின்றான். மூன்று மக்களுக்குத் தாயான ஒருத்தி, சிறு குழந்தையைப் போல் தின்பண்டத்தை ஒளித்து வைக்கின்ற காட்சி, காண்போர்க்கு முதலில் நகைப்பை ஊட்டும். சற்றே எண்ணிப் பார்த்தால், நகைப்பு மறைந்துவிடும்.

அவள் கணவன் டோர்வால்ட் ஹெல்மர் கொடியவன் அல்லன். அவன் உழைப்பாளி, நேர்மையுடையவன், கடன் வாங்குதலை அறவே வெறுப்பவன். புத்தாண்டு முதல் ஒரு வங்கியின் தலைமைப் பதவியை ஏற்க இருப்பவன். மனைவியிடம் அவனுக்கு அன்பும் உண்டு. ஆனால், அந்த அன்பு எத்தகையது என்பதை அவன் அவளை அழைக்கும் முறையே காட்டிவிடுகின்றது. வானம்பாடி என்றும், அணில் என்றும் அவளைக் கொஞ்சி அழைக்கின்றான். செலவுக்கு வேண்டிய பணத்தைச் சிறிது சிறிதாக எண்ணித் தருகின்றான். எந்தச் செய்தியைப் பற்றியும் அவளிடம் கருத்துக் கேட்பதில்லை. பாடுவதற்கும், ஆடுவதற்கும், வீட்டை அழகு செய்வதற்கும் உரிய ஓர் உயிராகவே அவளைக் கருதுகின்றான். நோராவும் அவன் விரும்பிய வண்ணமே ஆடிப் பாடிக் குழைந்து பேசித் தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்கிறாள். அவளுக்கு அது பழகிப் போன வாழ்க்கை. மணத்திற்கு முன் தந்தையின் வீட்டிலும் அவள் அவ்வாறே வளர்ந்தவள்.

எனினும், இந்த விளையாட்டுப் பெண்ணின் உள்ளத்தில் பெரியதொரு மறைபொருள் இருந்தது. அதை அவள் தன் பழைய தோழியாகிய கிறிஸ்டின் லிண்டேயிடம் முதன்முதலாக வெளியிடுகிறாள். மணமான முதல் ஆண்டில் ஹெல்மர் அளவு கடந்து உழைத்து நோயுற்றான். தென்னாடு சென்று தங்கினாலன்றி உயிர் பிழைத்தல் அரிது என்று மருத்துவர் கூறினர். அச்செய்தி அவனுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டது. கடன் வாங்கிச் செல்வோம் என்று நோரா குறிப்பாகச் சொன்னபோது, அவன் சினந்தான். அக்காலத்தில் அந்நாட்டில் கணவன் உடன்பாடின்றி மனைவி கடன் பெறுதல் இயலாது. நோரா பின்வாங்கவில்லை. கிராக்ஸ்டாட் என்பவனிடம் யாருக்கும் தெரியாமல் 4,800 குரோனர் கடன் வாங்கினாள். தந்தை கொடுத்த பணம் என்று கணவனிடம் கூறினாள். அவனை இத்தாலிக்கு அழைத்துச் சென்று உயிர் காத்தாள்.

அந்தக் கடனுக்கு அவள் தந்தை பிணையாகக் கையொப்பமிட வேண்டியிருந்தது. தந்தையோ மரணப் படுக்கையில் இருந்தார். அவரை வருத்த மனமின்றி, நோரா தானே அவர் பெயரை எழுதினாள். உலக நடையறியாத அவள், அதன் கீழே அக்டோபர் 2 என்று நாள் குறித்தாள். அவர் இறந்ததோ செப்டம்பர் 29. இறந்தவர் மூன்று நாள் கழித்துக் கையொப்பமிட்டதாகப் பத்திரம் சொல்லியது! இச்சிறு பிழையே பின்னர் அவள் வாழ்வைக் கலக்கும் பெரும்புயலாக மாறியது.

இங்கே நாம் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நோரா விடுதலை பெற்றது நாடகத்தின் இறுதிக் காட்சியில்தான் என்று பலர் கருதுவர். அவ்விடுதலையின் வித்து அதற்கு நெடுநாள் முன்னரே முளைத்துவிட்டது. வாங்கிய கடனுக்கு வட்டியும் தவணையும் அவள் எவ்வாறு செலுத்தினாள்? கணவனுக்கும் குழந்தைகளுக்கும் குறைவு வைக்கலாகாது என்று, தன் உடைக்குத் தந்த பணத்தில் பாதியை மிச்சப்படுத்தினாள். எளிய துணிகளையே உடுத்தினாள். தைத்தல், பின்னுதல் முதலிய வேலைகளைச் செய்தாள். முந்தைய குளிர்காலத்தில் எழுத்துப் படியெடுக்கும் வேலை நிறையக் கிடைத்தது. அறையைத் தாழிட்டுக்கொண்டு, மாலை தோறும் தொடங்கி நள்ளிரவு வரை எழுதினாள். உடல் சோர்ந்தது, உள்ளமோ ஒரு புதிய மகிழ்ச்சியை அடைந்தது. உழைத்துப் பொருளீட்டுதல், தான் ஓர் ஆடவனே ஆகிவிட்டதைப் போன்ற உணர்வை அளித்தது என்று தோழியிடம் கூறுகிறாள். பிறர் கையை நோக்கி வாழ்ந்த அவளுக்குத் தன் கையின் ஆற்றல் புலனாகிய முதல் இடம் அதுவே. தாழிட்ட அந்த அறையில் எரிந்த விளக்கு, அவள் அறிவிலும் சிறிது ஒளியை ஏற்றிவிட்டது.

தோழி கிறிஸ்டினின் வாழ்க்கை வேறு வகையானது. நோயுற்ற தாயையும் இளைய தம்பியரையும் காக்கும் பொருட்டு, அவள் தான் விரும்பியவனைத் துறந்து பொருளுடைய ஒருவனை மணந்தாள். அவன் ஏதும் வைக்காமல் இறந்தான். பின்னர்ச் சிறு கடை நடத்தியும், பள்ளி நடத்தியும், ஓய்வின்றி உழைத்தும் பிழைத்தவள் அவள். வெயிலையும் மழையையும் தாங்கி வளர்ந்தவளையும், நிழலில் நின்றவளையும் இப்சன் அருகருகே நிறுத்துகின்றார். நோரா இனிச் செல்ல வேண்டிய வழி எத்துணைக் கடினமானது என்பதைக் கிறிஸ்டினின் முகத்திலேயே நாம் காண்கிறோம்.

கிராக்ஸ்டாட் அதே வங்கியில் சிறு பணியில் இருப்பவன். முன்னொரு காலத்தில் பொய்க் கையொப்பமிட்டுப் பழிக்கு ஆளானவன். ஹெல்மர் தலைமை ஏற்றவுடன் அவனை நீக்கி, அவ்விடத்தைக் கிறிஸ்டினுக்குத் தர முடிவு செய்கின்றான். வேலையை இழப்பின் தன் மக்களின் வாழ்வும் கெடும் என்று அஞ்சிய கிராக்ஸ்டாட், நோராவிடம் வந்து அச்சுறுத்துகின்றான். கணவனிடம் பரிந்து பேசித் தன் வேலையைக் காக்காவிடின் கையொப்பத்தின் உண்மையை வெளியிடுவதாகக் கூறுகின்றான். கணவன் உயிரைக் காக்கவும், இறக்கும் தந்தைக்குத் துயர் தராதிருக்கவும் செய்த செயலைச் சட்டம் குற்றம் என்று கூறுமா என்று நோரா வியந்து கேட்கிறாள். சட்டம் நோக்கத்தைப் பார்ப்பதில்லை என்பதே அவன் விடை. அவ்வாறாயின் அது நல்ல சட்டமாக இராது என்று அவள் எண்ணுகிறாள். அறியாமையால் எழுந்த சொல்லாகத் தோன்றினும், அவள் தானாகவே ஒன்றை ஆராயத் தொடங்கிய சொல் அது.

அதன்பின் அச்சம் அவளை வாட்டுகின்றது. ஒருபால் ஹெல்மர், பொய் சொல்லும் தாயால் வீடு முழுவதும் நஞ்சாகும் என்று கிராக்ஸ்டாடைக் குறித்துப் பேசும்போது கூறுகின்றான். அது தன்மேல் எய்த அம்பு என்று அறியாமலே எய்த அம்பு. நோராவின் நெஞ்சில் தைக்கின்றது. தன் குழந்தைகளை அணுகவும் அஞ்சுகிறாள். மற்றொருபால், குடும்ப நண்பராகிய மருத்துவர் ராங்கிடம் பணம் கேட்க எண்ணுகிறாள். தீரா நோயால் மெலிந்து வரும் அவர், தம் உள்ளத்தில் அவள்பால் இருந்த காதலை அப்போது வெளியிட்டுவிடுகின்றார். கேட்டிருந்தால் அவர் எதையும் தந்திருப்பார். நோரா கேட்கவில்லை. அன்பை விலையாக்கி உதவி பெறுதல் தகாது என்று தன் வாயை அடைத்துக்கொள்கிறாள். குழைந்து பேசிக் காரியம் சாதித்த பழைய நோரா சிறிது சிறிதாக மறைவதை இக்காட்சி காட்டுகின்றது.

கிராக்ஸ்டாட் எழுதிய கடிதம் கதவிலுள்ள கடிதப்பெட்டியில் விழுகின்றது. அப்பெட்டியின் திறவுகோல் ஹெல்மரிடம் மட்டுமே உண்டு. அவன் அதைத் திறவாதிருக்கும் பொருட்டு, மறுநாள் விருந்தில் ஆட வேண்டிய டாரன்டெல்லா என்னும் இத்தாலிய நடனத்தைப் பழக்கித் தருமாறு நோரா வேண்டுகிறாள். உயிருக்குப் போராடுவது போல் வெறிகொண்டு ஆடுகிறாள். கணவன் அதனை ஆட்டமாகவே காண்கின்றான். அவள் ஆடுவதோ தன் கடைசிப் பொழுதைச் சிறிது நீட்டுதற்காக.

அச்சத்தின் நடுவே அவளுக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. உண்மை வெளிப்படும்போது, கணவன் முன்வந்து பழி முழுவதையும் தன்மேல் ஏற்றுக்கொள்வான் என்று அவள் உறுதியாக நம்பினாள். அந்த வியத்தகு நிகழ்ச்சியை எதிர்பார்த்தாள், அஞ்சவும் செய்தாள். அவனை அப்பழியினின்று காக்கத் தன் உயிரையே விடவும் துணிந்திருந்தாள்.

இதற்கிடையே கிறிஸ்டின் கிராக்ஸ்டாடைச் சந்திக்கின்றாள். முன்பு அவள் துறந்த காதலன் அவனே. இருவரும் மீண்டும் ஒன்றுபடுகின்றனர். அவன் மனம் மாறிக் கடிதத்தைத் திரும்பப் பெற முன்வருகின்றான். கிறிஸ்டின் அவனைத் தடுத்துவிடுகின்றாள். மறைவின் மேல் கட்டிய இல்வாழ்க்கை நிலைக்காது. கணவனும் மனைவியும் உண்மையை நேருக்கு நேர் காண வேண்டும் என்பது அவள் கருத்து.

ஹெல்மர் கடிதத்தைப் படிக்கின்றான். நோரா எதிர்பார்த்தது நிகழவில்லை. அவளைப் பொய்யள் என்றும் குற்றவாளி என்றும் இகழ்கின்றான். தன் எதிர்காலம் பாழாயிற்று என்று புலம்புகின்றான். ஊரார் முன் கணவன் மனைவியராக நடிப்போம்; குழந்தைகளை மட்டும் இனி உன்னிடம் விடேன் என்கின்றான். தன் உயிரைக் காத்தவள் அவள் என்னும் எண்ணம் ஒரு கணமும் அவனுக்கு எழவில்லை. அவ்வேளையில் மற்றொரு கடிதம் வருகின்றது. கிராக்ஸ்டாட் கடன் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கின்றான். உடனே ஹெல்மர், தான் பிழைத்தேன் என்று மகிழ்ந்து கூவுகின்றான். பத்திரத்தைத் தீயிலிடுகின்றான். நோராவை மன்னித்துவிட்டதாகக் கூறி, இனி வேட்டையாடப்பட்ட புறாவைப் போல் அவளைக் காப்பேன் என்று இன்சொல் பேசுகின்றான்.

இடர் நீங்கிய அந்த நொடியில்தான் நோராவின் கண் முழுவதும் திறந்தது. பழைய நாடகமாயின் இங்கே திரை விழுந்திருக்கும். குடும்பம் மீண்டும் இன்புற்றது என்று காண்போர் எழுந்து சென்றிருப்பர். இப்சன் அவ்வாறு முடிக்கவில்லை. நோரா உள்ளே சென்று நடன உடையைக் களைகின்றாள். அன்றாட உடை அணிந்து வருகின்றாள். கணவனை எதிரே அமரச் சொல்கின்றாள். மணமாகி எட்டு ஆண்டுகள் ஆகியும், இருவரும் ஒருமுறையேனும் அமர்ந்து உண்மையான செய்தி ஒன்றைப் பற்றிப் பேசியதில்லை என்பதை அமைதியாக எடுத்துக் கூறுகின்றாள். தந்தை தன்னைப் பொம்மைக் குழந்தையாக வளர்த்தார். கணவன் பொம்மை மனைவியாக வைத்திருந்தான். தானும் தன் மக்களைப் பொம்மைகளாகவே கருதி விளையாடினாள் என்று, பிறர் குற்றத்துடன் தன் குற்றத்தையும் சேர்த்தே சொல்கின்றாள்.

மனைவியும் தாயும் ஆகிய கடமைகளை ஹெல்மர் நினைவூட்டுகின்றான். அவற்றிற்கு ஒப்பான வேறொரு கடமையும் தனக்கு உண்டு. அது தன்னை ஒரு மனித உயிராக ஆக்கிக்கொள்ளும் கடமை என்கின்றாள். அன்பிற்காக எந்த ஆடவனும் மானத்தைத் துறவான் என்று அவன் சொல்ல, அவ்வாறு துறந்த பெண்கள் எண்ணிலடங்கார் என்பதை அவள் சுட்டிக்காட்டுகின்றாள். சட்டமும் சமயமும் உலகும் கூறுவன சரியா, தன் உள்ளம் கூறுவது சரியா என்பதைத் தான் இன்னும் அறியவில்லை என்றும், இனித் தானே கண்டறிய வேண்டும் என்றும் உரைக்கின்றாள். தான் எல்லாம் அறிந்தவள் என்று அவள் பெருமை பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். அறியாதவள் என்பதை ஒப்புக்கொண்டு, பிறர் சொல்லைக் கடன் வாங்காமல் தானே தேடிக் காணத் துணிவதே அவள் பெற்ற விடுதலை. மணக் கணையாழியைத் திருப்பிக் கொடுக்கின்றாள், கணவனிடமிருந்து எவ்வுதவியும் வேண்டா என்கின்றாள், வெளியேறுகின்றாள். கீழே கதவு மூடும் ஓசை கேட்கின்றது. நாடகம் முடிகின்றது.

அந்த ஓசை ஐரோப்பா முழுவதும் எதிரொலித்தது. குழந்தைகளை விட்டுத் தாய் செல்லலாமா என்று மக்கள் கொதித்தெழுந்தனர். ஜெர்மனியில் 1880ஆம் ஆண்டில் நோராவாக நடிக்க இருந்த புகழ்பெற்ற நடிகை ஒருவர், தாம் ஒருபோதும் தம் மக்களை விட்டுச் செல்லமாட்டேன் என்று கூறி, அம்முடிவை நடிக்க மறுத்தார். பிறர் கையில் தம் நாடகம் சிதைவதைக் காட்டிலும் தாமே மாற்றுதல் மேல் என்று எண்ணி, உறங்கும் குழந்தைகளைக் கண்டு நோரா தளர்ந்து விழுவதாக இப்சன் வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். ஆனால், அது தம் நாடகத்திற்கு இழைத்த கொடுமை என்றே அவர் கருதினார். அம்மாற்று முடிவு நிலைக்கவில்லை.

இக்கதைக்கு உண்மை வாழ்விலும் ஒரு வேர் உண்டு. இப்சனுக்கு அறிமுகமான லாரா கீலர் என்னும் எழுத்தாளர், நோயுற்ற கணவரைக் காக்க மறைவாகக் கடன் பெற்றார். கடனை அடைக்க இயலாமல் பொய்ப் பத்திரம் எழுதினார். உண்மை வெளியானபோது, கணவர் அவரை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்; மக்களிடமிருந்தும் பிரித்தார். நாடகத்து நோரா தானே கதவைத் திறந்து வெளியேறினாள். வாழ்வில் லாராவோ வெளியேற்றப்பட்டார். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டில்தான் இப்சன் சொல்ல விரும்பியது அடங்கியுள்ளது.

1898ஆம் ஆண்டில் நார்வே நாட்டுப் பெண்ணுரிமைச் சங்கத்தார் இப்சனுக்கு விருந்தளித்தனர். அப்போது அவர், தாம் பெண்ணுரிமைக்கெனத் திட்டமிட்டு எழுதியவர் அல்லர் என்றும், அதனை மனித குலத்தின் பொதுச் சிக்கலாகவே காண்பதாகவும் கூறினார். அந்நாட்டில் மணமான பெண்கள் சட்டத்தின்முன் தனியுரிமை பெற்றது 1888ஆம் ஆண்டில். பெண்கள் அனைவரும் வாக்குரிமை பெற்றது 1913ஆம் ஆண்டில். அதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1906ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், இப்சன் காலமானார். அவர் கையெழுத்தில் அமைந்த 'பொம்மை வீடு' படிகளை உலக நினைவேட்டில் சேர்த்து, ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் 2001ஆம் ஆண்டில் சிறப்பித்தது.

நோரா சென்றது சரியா, தவறா என்று உலகம் இன்றும் வாதிடுகின்றது. அவளை வளர்த்த செவிலித்தாய், வறுமையால் தன் சொந்த மகளைப் பிறரிடம் விட்டுவிட்டு அவ்வீட்டிற்கு வந்தவள் என்பதையும் இப்சன் குறிப்பிடுகின்றார். ஏழைத் தாய் பிரிந்தபோது கேளாத உலகம், நோரா பிரியும்போது ஏன் கேட்கின்றது என்று நம்மை எண்ண வைக்கின்றார். விடையை அவர் கூறவில்லை, காண்போரிடமே விட்டுவிட்டார். நோரா எங்குச் சென்றாள், எவ்வாறு வாழ்ந்தாள் என்பதையும் அவர் எழுதவில்லை. நிழலை விட்டு வெளியேறிய செடிக்கு வெயிலும் உண்டு, புயலும் உண்டு. அவள் கையில் செல்வம் இல்லை. ஆனால், குளிர்கால இரவுகளில் தாழிட்ட அறையில் அமர்ந்து, எழுதி எழுதிக் கடனை அடைத்த கைகள் அவை. அக்கைகளை நம்பியே அவள் இருளில் இறங்கி நடந்தாள்.